எலியின் மூச்சும் என் பம்ப்பும்

என் மனைவியின் பெருமையைச் சொல்வதற்கு முன்னால் என் தலைக்கனத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் விஷயம் விளங்காது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ரிப்பேர் என்றால் நான்தான். படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு மேஜை, தலையை இடிக்கிற ஒரு அலமாரி. பதினாறு வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். நான் கை வைத்த மெஷின் ஒன்றுகூட அதே கோளாறோடு இரண்டாம் தடவை என் மேஜைக்கு வந்ததில்லை. ஊரில் உள்ள மற்ற நிலையங்களும் கைவிட்ட மெஷின்களை அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் அனுப்பும். இதையெல்லாம் பிறர் சொல்லிக் கேட்பது சுகம். சொல்ல யாரும் வராத நாளில் நானே சொல்லிவிடுவேன். எனக்கு ‘ஸ்பேனர்’ என்று பெயர் வைத்தார்கள், கிண்டலுக்குத்தான். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நடமாடினேன்.

என் மனைவிக்கு இரண்டாவது மாடியில் வேலை. மயக்க மருந்து கொடுத்த எலிகளின் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அங்கே அளக்கிறார்கள். மயங்கிய எலி ஒழுங்காக மூச்சு விடாது. தொண்டையில் மெல்லிய குழாய் போட்டு, உள்ளங்கை அகல வென்டிலேட்டர் ஒன்று அதற்காக மூச்சு விடும். அந்த வென்டிலேட்டரின் திருகு என் மனைவியின் கையில். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, எல்லாம் அவள் முடிவு. அதனால் அவளை ‘மூச்சுக்காரி’ என்பார்கள். வீட்டில் என் மூச்சும் அவள் கையில்தான் என்று சிநேகிதர்கள் சொல்வதுண்டு. மறுக்க ஒன்றுமில்லாததால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அவள் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். மூச்சு குறைந்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். தேங்கினால் மூளையின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து அகலும், ரத்தம் திமுதிமுவென்று பாயும். மூச்சு கூடினால் வாயு வெளியேறிவிடும், குழாய்கள் சுருங்கும், மூளை பட்டினி கிடக்கும். ஒரு சொட்டு மருந்து இல்லாமல், வெறும் மூச்சை வைத்தே மூளையின் ரத்த ஓட்டத்தை ஏற்றலாம், இறக்கலாம். ஆகவே ஒரு மருந்து என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் வாயுவை ஓரிடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே. எலி விடும் மூச்சில் உள்ள வாயுவை அளந்து மானிட்டர் காட்டும் அந்த எண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு, திருகைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்துவாள். ஒரு எலிக்கு ஐந்து மணி நேரம். அந்தக் கவனத்தில் கால்வாசியை என் மேல் வைத்திருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன்.

அந்த ஆய்வை நடத்துகிறவர் டாக்டரம்மா. நேர் வகிடு, தட்டைச் செருப்பு, பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது. பக்கவாதம் வந்தவர்களின் மூளைக்கு ரத்தம் கூட்ட ஒரு புது மருந்து பலிக்குமா என்று எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மருந்து கொடுக்காத எலிகள் பன்னிரண்டு. பிறகு ஒரு வாரம் தண்ணீரில் மருந்து கலந்து குடித்த எலிகள் பன்னிரண்டு. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

முதல் பன்னிரண்டு முடிந்த மறுநாள் மானிட்டரின் பம்ப் செத்துப்போனது. எலியின் மூச்சுக் குழாயிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி மானிட்டருக்குக் கொடுக்கும் சின்ன பம்ப் அது. புதிது வர மூன்று மாதம் ஆகும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் விடுவேனா? பெரிய நாய்களுக்குப் பயன்படுத்திக் கழித்துக் கட்டிய பழைய மானிட்டர் ஒன்று என் அலமாரியில் கிடந்தது. அதன் பம்ப்பைக் கழற்றினேன். அதே அளவு, அதே வயர், அதே நாலு திருகாணி. ஒரே மத்தியானத்தில் பொருத்தி, அளவு பார்க்கிற சிலிண்டரைத் திறந்தேன். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமில வாயு இருக்கும். மானிட்டர் முப்பத்தெட்டு காட்ட வேண்டும். முப்பத்தெட்டு காட்டியது. மூன்று தடவை திறந்தேன், மூன்று தடவையும் முப்பத்தெட்டு. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த பன்னிரண்டு எலிகளும் அந்தப் பம்ப்பின் தயவில் முடிந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால், மருந்து குடித்த எலிகளின் மூளைக்கு ரத்த ஓட்டம் நாற்பது சதவீதம் அதிகம். இரண்டாவது மாடியே துள்ளிக் குதித்தது. மருந்தை அடுத்தபடியாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வியாழக்கிழமை வருவதாக ஏற்பாடு. மற்ற நிலையத்துக்காரர்களும் கேட்க வருவார்கள். டாக்டரம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, அந்தப் பம்ப்பை நான் மாற்றிக் கொடுத்திருக்காவிட்டால் இந்த முடிவே வந்திருக்காது என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை. அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை நான் மிதப்பில் இருந்தேன். மனைவி சாப்பாட்டு மேஜையில் தன் நீல நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. ஒவ்வொரு எலிக்கும் என்ன எடை, எத்தனை மூச்சு, என்ன எண் என்று அவள் கைப்பட எழுதிய நோட்டு அது. என்ன விஷயம் என்று கேட்டேன்.

முந்தின நாள் நடந்ததைச் சொன்னாள். குழுவுக்குக் காட்டுவதற்காக, மருந்து குடிக்காத எலியின் மூளையை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இவளும் ஒரு எலியை மயக்கி, சின்ன டிரில்லால் மண்டை ஓட்டை மெல்லிசாகச் சீவி, குழாய்கள் தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்தாள். உள்ளே குழாய்கள் புடைத்துக்கொண்டு நின்றன. நீலம் பாய்ந்திருக்க வேண்டிய குழாய்கூடச் சிவந்திருந்தது. மருந்து குடித்த எலிகளில் அவள் பார்த்த அதே காட்சி. சில எலிகள் அப்படித்தான் இருக்கும், திங்கட்கிழமை வேறு எலியில் எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றேன் நான்.

அவள் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். “முதல் பன்னண்டு எலிக்கும் நிமிஷத்துக்கு அறுபத்திநாலு, அறுபத்தஞ்சு மூச்சு வெச்சாத்தான் முப்பத்தெட்டு காட்டிச்சு. அடுத்த பன்னண்டுக்கும் நாப்பத்திநாலே போதும். நேத்து எலிக்கும் நாப்பத்திநாலு. அதே எடை, அதே மயக்க மருந்து. திடீர்னு எலிக்கெல்லாம் மூச்சு கம்மியா போதும்னு ஆயிடுமா?”

மருந்தின் வேலையாக இருக்கும் என்றேன். நேற்றைய எலி மருந்தே குடிக்கவில்லையே என்றாள்.

பிறகு அவள் கேட்டாள். “உங்க பம்ப் நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து உறிஞ்சும்?”

அந்த ‘உங்க’ எனக்குச் சுருக்கென்றது. நூற்றைம்பது மில்லி என்றேன். பழைய பம்ப் எவ்வளவு என்று கேட்டாள். முப்பதோ என்னவோ என்றேன். எலி நிமிஷத்துக்கு மொத்தமாக விடுகிற மூச்சே நூற்றைம்பது, நூற்றறுபதுதான் இருக்கும் என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

சண்டையை நானே ஆரம்பித்தேன். சிலிண்டரில் மூன்று தடவை பார்த்தேனே, அது பொய்யா? பதினாறு வருடத்தில் ஒரு மெஷின் திரும்பி வந்திருக்கிறதா? ஊரே மெச்சுகிற வேலையில் கட்டினவளே குற்றம் கண்டுபிடித்தால் எப்படி? இப்படி நிறையப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே டீயைச் சுடவைத்துக் குடித்தாள். கடைசியில், சிலிண்டரில் காற்று கொட்டிக் கிடக்கிறது, எவ்வளவு உறிஞ்சினாலும் தரும், எலியிடம் அவ்வளவு ஏது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ரத்தத்தில் நேரடியாக வாயுவை அளக்கும் வழி இல்லாமல் இல்லை. எலியின் தொடையில் மயிர் மாதிரிக் குழாய் ஒன்றைச் செருகி, ரத்தம் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, எதிர்ச்சாரியில் இருக்கிற ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஐந்து நிமிஷத்துக்குள் கொண்டுபோக வேண்டும். எலியின் உடம்பில் இருப்பதே நாலு டீஸ்பூன் ரத்தம். அதனால் யாரும் அதைச் செய்வதில்லை. மானிட்டர் சொல்வதே வேதம் என்பதுதான் இரண்டாவது மாடியின் வழக்கம். ஸ்பேனர் கை வைத்த மானிட்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரில் போகும்போது, பின்னால் உட்கார்ந்தபடி, இன்றைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறேன் என்றாள். எதிர்ச்சாரிக்கு நான் கொண்டுபோகிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பம்ப் சுத்தம் என்று எழுதிய சீட்டை என் கையாலேயே கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டும் என்ற ஆசை.

அவள் எலியைத் தயார் செய்வதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். மருந்து குடிக்காத வேறொரு எலியைச் சூடான மெத்தையில் கிடத்தி, கண் வறண்டுபோகாமல் இருக்கக் களிம்பு தடவினாள். வாலைப் பிடித்துப் பார்த்தாள், பாதத்தின் நிறம் பார்த்தாள். மேஜை விளக்கு ஒன்றுதான். வென்டிலேட்டர் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது, நிமிஷத்துக்கு நாற்பத்திநாலு. மானிட்டரில் முப்பத்தெட்டு. பார்த்தாயா என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. தொடைக்குழாயிலிருந்து சில சொட்டு ரத்தத்தைச் சின்ன ஊசியில் இழுத்து, முனையை மூடி, ஐஸ் டம்ளரில் குத்தி என் கையில் கொடுத்தாள். ஓடுங்க என்றாள்.

ஓடினேன். இரண்டு மாடிப் படி, வராந்தா, வாட்ச்மேன் என்ன ஸ்பேனர் என்ன ஸ்பேனர் என்று கத்த, சாலையில் ஒரு கார் ஹாரன் அடிக்க, ஆஸ்பத்திரி பின்வாசல். ரத்த மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நர்ஸ், நோயாளி பெயர் என்ன என்று கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே எலி என்றேன். அதை என் தமாஷ் என்று நினைத்துக்கொண்டு ஊசியைச் செருகிவிட்டாள். சீட்டு வெளியே வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“அறுபத்தொண்ணு. சார், இவருக்கு வாயு ரொம்ப ஏறிக் கிடக்கு. மூச்சே சரியா விடலை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.”

இவர் நோயாளி இல்லை, நிஜமாகவே எலிதான் என்று சொன்னேன். அவள் சமாதானமாகிவிட்டாள். நான் ஆகவில்லை. மனிதனாக இருந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டிய நிலையில் பன்னிரண்டு எலிகளை வைத்திருக்கிறோம். பக்கத்தில் என் மானிட்டர், எல்லாம் சௌக்கியம், முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பும்போது நான் ஓடவில்லை. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். படியேறும்போது வேறு ஒரு சாக்கு கிடைத்தது. ஊசியில் காற்றுக் குமிழி புகுந்திருக்கும், அதனால் கணக்குத் தப்பியிருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சீட்டைப் படித்தாள். குமிழி புகுந்தால் எண் குறையும், ஏறாது என்றாள். குரலில் ஜெயித்த தோரணை துளிகூட இல்லை. அது இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பிறகு வென்டிலேட்டரின் திருகை மெல்லத் திருப்பி அறுபத்திநாலுக்குக் கொண்டுவந்தாள். மானிட்டரில் எண் இறங்கி இருபத்தைந்தில் நின்றது. மண்டை ஓட்டில் சீவி வைத்த ஜன்னல் வழியாக என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். எலியின் மூளை மேல் குழாய்கள் தடித்துக் கிளைவிட்டுக் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நிமிஷத்தில் அவை ஒடுங்க ஆரம்பித்தன. தடித்தது மெலிந்தது, மெலிந்தது நூலானது, சிவப்பு மங்கி ஒரு குழாயில் நீலம் திரும்பியது. யாரும் எலியைத் தொடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. மூச்சுக்காரி மூச்சை மாற்றினாள், அவ்வளவுதான்.

மறுபடி ரத்தம் கொண்டு ஓடினேன். முப்பத்தொன்பது.

அதற்கப்புறம் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எலி விடுவது கொஞ்சம் மூச்சு. என் நாய்ப் பம்ப் அதை முழுசாக உறிஞ்சியும் போதாமல், பக்கத்தில் இருந்த சுத்தக் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது போல நீர்த்துப்போன மூச்சைத்தான் மானிட்டர் ருசி பார்த்திருக்கிறது. எண் குறைவாகக் காட்டியதும், நாற்பது பக்கம் ஏற்ற வேண்டும் என்று அவள் மூச்சைக் குறைத்திருக்கிறாள். குறைக்கக் குறைக்க ரத்தத்தில் வாயு தேங்கி, குழாய்கள் அகன்று, மூளைக்கு ரத்தம் பாய்ந்திருக்கிறது. அந்த நாற்பது சதவீதத்தைத் தந்தது மருந்து இல்லை. நான் பொருத்திய பம்ப்.

சாயங்காலம் ஸ்கூட்டரை வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஓரமாக நிறுத்திவிட்டேன். வீட்டுக்குள் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. சொல்லத்தான் போகிறாயா என்று கேட்டேன். சொல்லாமல் எப்படி என்றாள். பம்ப் கோளாறு ஆகிவிட்டது என்று சொல்லேன், மெஷின் என்றால் கோளாறு ஆவதுதானே என்றேன்.

“பம்ப்ல ஒரு கோளாறும் இல்லைங்க. அது நல்லா ஓடுது, அதான் பிரச்சினையே. கோளாறுன்னு சொன்னா, நாளைக்கு வேற எங்கயோ ஒருத்தர் இதே மாதிரி நல்ல பம்பை மாட்டிட்டு, சிலிண்டர்ல பாத்துட்டு, நிம்மதியா போவாரு. அங்கயும் ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு எழுதுவாங்க. யாரோ நோயாளி அதை முழுங்குவாரு.”

வியாழக்கிழமை கூட்டத்தில் எனக்கு மெஷின் அனுப்புகிற எல்லா நிலையத்துக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள், என் பேர் என்ன ஆகும் என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவள் என் தோளில் கை வைத்தாள். நடுத்தெருவில் அப்படிச் செய்கிறவள் இல்லை.

“உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். யார் கேட்டாலும் சரி. ஆனா பம்ப் மாத்தினதைச் சொல்லுவேன்.”

சரி என்றேன். ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு சீட்டுகளையும் நீல நோட்டையும் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இரண்டு வருட வேலை அது. பம்ப் மாற்றிய பிறகு ரத்தத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியது தான்தான் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. திருகைத் திருப்பியது தன் கைதான் என்று இவளும் சொன்னாள். இரண்டு பேரும் பழியைப் பங்கு போட்டுக்கொள்ள, பழிக்கு உடையவன் வாசலில் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அன்றும் மறுநாளும், ஏற்கெனவே ஒரு வாரம் மருந்து குடித்து மிச்சமிருந்த நாலு எலிகளை எடுத்து, ரத்தத்தை அளந்து, வாயுவைச் சரியாக நிறுத்திப் பார்த்தார்கள். எட்டு தடவை எதிர்ச்சாரிக்கு ஓடினேன். நாலு எலிகளின் மூளையிலும் ரத்த ஓட்டம் மருந்து குடிக்காத எலிகளைப் போலவேதான் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் டாக்டரம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, நாளைக்கு நீங்கதான் பேசணும், கண்டுபிடிச்சது நீங்க என்றார்.

வியாழக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மைக்கும் திரையும் என் பொறுப்பு என்பதால் பின்வரிசையில் ஒரு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா எழுந்து, உங்களை ஒரு முடிவு சொல்லக் கூப்பிட்டோம், அந்த முடிவு தப்பு, எப்படித் தப்பு என்று இவர் சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கத்தில் சலசலப்பு. என் மனைவி மேடையேறினாள். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் அவள் நின்றதே கிடையாது. முதல் இரண்டு வாக்கியம் தடுமாறினாள். பிறகு எலியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தடுமாற்றம் போய்விட்டது.

நாற்பத்திநாலு மூச்சு, அறுபத்திநாலு மூச்சு என்று நோட்டிலிருந்து படித்தாள். மானிட்டர் சொன்னதையும் ரத்தம் சொன்னதையும் பக்கம் பக்கமாகக் காட்டினாள். மூச்சை மாற்றியதும் குழாய்கள் ஒடுங்குவதைத் திரையில் ஓடவிட்டாள். முன்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ஒருவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார், அப்புறம் பக்கத்தில் இருந்தவரும். சனிக்கிழமை ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தவள் இவள். அவள் சொன்னதை அரங்கமே எழுதிக்கொண்டிருந்தது. என் பேர் போவது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்கூட இல்லை.

அவள் முடித்ததும் குழுவின் தலைவர், தடிமனான கண்ணாடி போட்ட பெரியவர், முன்வரிசை மைக்கை எடுத்தார். நல்ல வேலை என்றார். பிறகு கேட்டார்.

“எலிக்கு நாய் பம்ப் மாட்டினது யாரு? வெளியாளா? எதுக்குக் கேக்கிறேன்னா, எங்க மெஷின்லயும் அவர் கை வெச்சிருந்தா நாங்க தெரிஞ்சுக்கணும்.”

அரங்கம் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். நீங்கள் உட்காருங்கள் என்கிற மாதிரி இவள் அவரைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் எண் எண்ணாகப் பதில் சொன்னவள், எனக்குக் கொடுத்த வார்த்தைக்காக அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் எதையோ மறைக்கிறாள் என்று அவர் நினைக்கத் தொடங்குவது அவர் முகத்திலேயே தெரிந்தது. சற்று முன் எழுதிக்கொண்டிருந்தவர்களின் பேனாக்களும் நின்றுவிட்டன.

அவள் ஒன்றையும் மறைக்காதவள். மறைத்தது இந்த ஒன்றைத்தான், அதுவும் எனக்காக. அதற்காக அந்த மனிதர் அவளை ஒரு மாதிரி பார்ப்பதா?

“நான்தான் ஐயா மாட்டினேன்” என்றேன்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. எனக்கு அட்டைப்பெட்டி அனுப்புகிற அத்தனை முகங்களும் அங்கே இருந்தன. உங்க மெஷின்லயும் கை வெச்சிருக்கேன், அனுப்பி வையுங்க, எல்லாத்தையும் மறுபடி பாத்துத் தரேன் என்றேன். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடினார். பம்ப்பைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். சிலிண்டர்ல பாத்தேன், எலியில பாக்கலை என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார்.

இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு நான் வைத்திருந்த பதில் எவ்வளவோ நீளம். அது ஒன்றும் வாயில் வரவில்லை. மேடையில் அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“அவங்க வீட்டுக்காரர் ஐயா” என்றேன். கையில் மைக் இருந்தும் அதை வாயருகே கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் முன்வரிசை வரைக்கும் கேட்டது.